ஆயரின் இலச்சினையை வாசிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியிலுள்ள கத்தோலிக்கப் பங்கு ஒன்றுக்கு உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்தை வழங்க, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் (பிஷப்) வரும்போது அச்சாகும் அழைப்பிதழிலும், ஆயர் இல்லத்திலிருந்து வரும் சுற்றறிக்கையின் தலைப்பிலும், ஆயரின் இருக்கைக்கு மேலும் ஒரே படம் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காணலாம். மேலே அகன்ற விளிம்புள்ள பச்சைத் தொப்பி, அதன் இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள், நடுவில் ஒரு கேடயம், கேடயத்தின் பின்னால் நிற்கும் சிலுவை, அடியில் சில சொற்கள் எழுதப்பட்ட நாடா ஆகியவை சேர்ந்த அந்தப் படத்துக்கு ஆயரின் இலச்சினை என்று பெயர். ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்வோரிலும் பலர் இதை ஓர் அலங்காரமாகவே பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு குஞ்சத்துக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணங்களை அறிந்துகொள்ள இலத்தீன் மொழியோ திருச்சபைச் சட்டமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றே. கேடயத்துக்கு வெளியே இருப்பவை பதவியைச் சொல்கின்றன. கேடயத்துக்கு உள்ளே இருப்பவை அந்தப் பதவியில் இருக்கும் மனிதரைச் சொல்கின்றன. உலகின் எந்த மறைமாவட்டத்து ஆயராக இருந்தாலும் வெளிப்பகுதி ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்; உள்பகுதி ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இலச்சினையை வெளியிலிருந்து உள்ளே வாசித்துச் செல்வதே சரியான முறை.

செட்டிநாட்டாருக்கு இதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் ஒவ்வொருவருக்கும், தம் பெயரோடு தந்தை, பாட்டனார் பெயர்களின் முன்னெழுத்துகளையும் சேர்த்து அமைந்த விலாசம் ஒன்று இருந்தது. கடிதத்திலோ கணக்கிலோ அந்தச் சில எழுத்துகளைப் பார்த்த மாத்திரத்தில், இது எந்தக் குடும்பத்தின் கடை, யார் பொறுப்பு என்பது விளங்கிவிடும். ஆயரின் இலச்சினையும் அவ்வாறே, ஒரு கடிதத்தின் பின்னால் நிற்பவர் யார், எந்த அதிகாரத்தோடு நிற்கிறார் என்பதை ஒரு பார்வையில் உணர்த்துகிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விலாசம் தலைமுறை தலைமுறையாகத் தொடரக்கூடியது. ஆயரின் இலச்சினை வழிவழியாக யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அவருக்குப் பின் வருபவர் தமக்கென வேறொன்றை அமைத்துக்கொள்வார்.

இந்த மரபு ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் வேர்கொண்டது. முகத்தை மறைக்கும் இரும்புக் கவசம் அணிந்த போர்வீரரை ஆள் அடையாளம் காண வழியில்லாததால், கேடயத்தில் தீட்டிய உருவமும் நிறமும் அவருக்கு முகமாயின. பின்னர் அதே உருவங்கள் ஆவணங்களில் பதிக்கும் முத்திரைகளுக்குள் நுழைந்தன. ஆயர்களும் ஆவணங்களுக்கு முத்திரையிட்டே அதிகாரம் அளித்தவர்கள் என்பதால், போரோடு தொடர்பில்லாத அவர்களும் கேடய வடிவத்தை ஏற்றார்கள். போர்வீரரின் இலச்சினையில் கேடயத்துக்கு மேல் தலைக்கவசம் வரைவது வழக்கம். அருள்பணியாளருக்குத் தலைக்கவசம் பொருந்தாது. ஆகவே அந்த இடத்துக்குத் தொப்பி வந்தது.

அந்தத் தொப்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு இலச்சினையிலும் அதிகச் செய்தியைச் சுமப்பது அதுதான். கலேரோ எனப்படும் இது, வெயிலையும் மழையையும் தாங்கி நெடுந்தொலைவு பயணம் செய்த திருப்பயணிகளின் அகன்ற விளிம்புத் தொப்பியை ஒத்தது. காற்றில் பறக்காமல் தாடைக்கீழ் கட்டிக்கொள்ள அதில் கயிறு இருக்கும். இலச்சினையில் இருபுறமும் இறங்கும் கயிறும் குஞ்சங்களும் அந்தக் கயிற்றிலிருந்து வளர்ந்தவையே. 1245இல் லியோன் நகரில் பொதுச்சங்கம் கூடிய காலத்தில் திருத்தந்தை (போப்) நான்காம் இன்னொசென்ட், தம் ஆலோசகர்களான கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை அளித்தார். சிவப்பு, திருச்சபைக்காக இரத்தம் சிந்தவும் ஆயத்தமாக இருப்பதைக் குறிக்கும் நிறம். கர்தினால் ஒருவர் இறந்தபின் அவருடைய தொப்பியை அவருடைய கல்லறைக்கு மேலே, கோயிலின் உள்கூரையிலிருந்து தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. அது நைந்து தானாக விழும்வரை அங்கேயே தொங்கும். 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வெளிவந்த திருப்பீட (வத்திக்கான்) அறிவுரை இந்தத் தொப்பியை அணியும் பழக்கத்தை முடித்துவைத்தது. இன்று அதை யாரும் தலையில் வைப்பதில்லை. இலச்சினையில் மட்டும் அது வாழ்கிறது.

தொப்பியின் நிறமும் குஞ்சங்களின் எண்ணிக்கையும் பதவியின் படிநிலையைக் காட்டும். அருள்பணியாளருக்குக் கறுப்புத் தொப்பி, பக்கத்துக்கு ஒரு குஞ்சம். ஆயருக்குப் பச்சைத் தொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வரிசைகளில் 6 குஞ்சங்கள், ஆக மொத்தம் 12. பேராயருக்கும் பச்சைத் தொப்பிதான், ஆனால் நான்காவது வரிசை ஒன்று சேர்வதால் பக்கத்துக்கு 10 குஞ்சங்கள். கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி, ஐந்து வரிசைகளில் பக்கத்துக்கு 15. துணை ஆயரும் பணி ஓய்வு பெற்ற ஆயரும் ஆயருக்குரிய பச்சைத் தொப்பியையும் 6 குஞ்சங்களையுமே கொள்வர்; ஆயர் என்ற திருநிலை ஓய்வோடு தீர்ந்துபோவதில்லை. புதிதாகப் பார்ப்பவர்களை இங்கே குழப்புவது ஒன்று உண்டு. ஆயர் அணியும் சிறு தலையணியும் இடைக்கச்சையும் ஊதா நிறத்தவை என்பதால், இலச்சினைத் தொப்பியும் ஊதாவாக இருக்க வேண்டும் என்று தோன்றும். உடையின் நிற ஒழுங்கு வேறு, இலச்சினையின் நிற ஒழுங்கு வேறு. இலச்சினையில் ஆயருக்குரியது பச்சையே.

தொப்பிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது சிலுவை. கேடயத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் இதன் மேல்முனை கேடயத்துக்கு மேலும், அடிமுனை கேடயத்துக்குக் கீழும் தெரியும். திருவழிபாட்டுப் பவனியில் தூக்கிச் செல்லும் சிலுவையின் வடிவம் இது. ஆயருக்குக் குறுக்குச் சட்டம் ஒன்று, பேராயருக்கு இரண்டு. மேலே வரும் சிறிய சட்டம், இயேசுவின் சிலுவையில் குற்ற அறிக்கை எழுதிப் பொருத்தப்பட்ட பலகையை நினைவூட்டுவதாக விளக்குவர். ஓர் இலச்சினை ஆயருடையதுதானா என்பதை ஐயமின்றி உறுதிசெய்வது இந்தச் சிலுவைதான்; ஆயர் அல்லாத அருள்பணியாளர் தொப்பி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கேடயத்தின் பின் சிலுவையை நிறுத்திக்கொள்ள முடியாது.

இவ்வளவு தெரிந்தாலே நம் பகுதியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. இன்றும் அது மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மறைமாநிலத்தை, அதாவது ஒரு பேராயரின் தலைமையில் இணைந்த மறைமாவட்டங்களின் தொகுதியைச் சேர்ந்தது. சிவகங்கை ஆயரின் கடிதத்தையும் மதுரைப் பேராயரின் கடிதத்தையும் அருகருகே வைத்தால், பெயரைப் படிக்காமலே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். முன்னதில் பக்கத்துக்கு 6 குஞ்சங்களும் ஒற்றைச் சட்டச் சிலுவையும், பின்னதில் பக்கத்துக்கு 10 குஞ்சங்களும் இரட்டைச் சட்டச் சிலுவையும் இருக்க வேண்டும். பேராயரின் இலச்சினையில் பாலியமும் இடம்பெறக்கூடும். மறைமாநிலத் தலைவரான பேராயர்கள் தோளில் அணியும், கறுப்புச் சிலுவைகள் பொறித்த வெள்ளைக் கம்பளிப் பட்டைக்கு அந்தப் பெயர்.

பழைய கட்டடங்களிலும் பழைய நூல்களின் முகப்பிலும் உள்ள இலச்சினைகளில் ஆயரின் கூர்முடியும் செங்கோலும் கேடயத்தைச் சுற்றி வரையப்பட்டிருப்பதைக் காணலாம். அவை பிழைகள் அல்ல, அக்கால வழக்கம். மேலே சொன்ன 1969ஆம் ஆண்டு அறிவுரையே இலச்சினையில் அவ்விரண்டையும் பயன்படுத்துவதை நிறுத்தியது. உயர்குடிப் பிறப்பைக் காட்டும் மகுடங்களும் 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக விலக்கப்பட்டன. இந்தக் கத்தரிப்பு மிகச் சரியானது என்பது என் கருத்து. மேய்ப்பரின் பதவியைச் சொல்ல ஒரு சிலுவையும் ஒரு பயணத் தொப்பியும் போதும். அதற்குமேல் சேர்ப்பவை எல்லாம் பார்ப்பவரின் கண்ணைக் கேடயத்துக்குள் போகவிடாமல் தடுக்கின்றன.

இனிக் கேடயத்துக்குள் போகலாம். முதலில் பக்கங்களைப் பற்றி ஒரு குறிப்பு. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் வலம், இடம் என்பதே இங்கே கணக்கு. ஆகவே பார்க்கும் நமக்கு இடப்புறமாகத் தெரிவது கேடயத்தின் வலப்புறம். மதிப்பில் உயர்ந்த பக்கமும் அதுவே. மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சிறப்புடையது. எந்த உருவம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு, அந்த ஆயர் எதை முதன்மையாகக் கருதுகிறார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நிறங்களில் இரண்டு வகை உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். வரையும்போது மஞ்சளும் வெள்ளையுமாக அவற்றைத் தீட்டலாம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகத்தையும் வண்ணத்தின்மேல் வண்ணத்தையும் வைக்கக்கூடாது என்பது இந்தக் கலையின் அடிப்படை விதி. நீலத்தின்மேல் பொன் விண்மீன் சரி; வெள்ளியின்மேல் சிவப்புச் சிலுவை சரி; நீலத்தின்மேல் கறுப்புப் படகு தவறு. தொலைவிலிருந்து பார்த்தாலும் உருவம் துலங்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்த விதி இது. விதியை மீறிய புகழ்பெற்ற சின்னம் ஒன்றும் உண்டு: சிலுவைப் போர்க் காலத்து எருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளிப் பரப்பில் பொற்சிலுவைகள் இருந்தன.

நிறங்களுக்கு எல்லாருக்கும் பொதுவான பொருள் அகராதி எதுவும் கிடையாது. நீலம் பெரும்பாலும் அன்னை மரியாவையும் சிவப்பு மறைச்சாட்சியத்தையும் (நம்பிக்கைக்காக உயிர் கொடுப்பதையும்) நினைவூட்டும் என்றாலும், அதே நீலம் ஓர் ஆயருக்குத் தாம் பிறந்த கடற்கரையாகவும், அதே சிவப்பு இன்னோர் ஆயருக்குத் தூய ஆவியின் நெருப்பாகவும் இருக்கலாம். உருவங்களின் நிலையும் இதுவே. திறந்த திருவிவிலியம், கிண்ணமும் அப்பமும், புறா, குத்துவிளக்கு, லில்லி மலர் போன்றவை எளிதில் விளங்கிவிடும். மற்றவற்றுக்கு ஆயரே தரும் விளக்கம் வேண்டும். ஆயர் திருநிலைப்பாட்டு விழாவையொட்டி வெளியாகும் மலரில் பொதுவாக அந்த விளக்கம் இருக்கும்; அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

விளக்கம் இல்லாமல் வாசித்தால் எப்படித் தடுமாறுவோம் என்பதற்குத் திருத்தந்தை பிரான்சிசின் இலச்சினையே சான்று. நீலக் கேடயத்தில், இயேசுவின் பெயரைத் தாங்கிய இயேசு சபையின் கதிரவன் நடுவில் மேலாக இருக்க, கீழே ஒரு விண்மீனும் கொத்துக் கொத்தான ஒரு செடித் தண்டும் இருந்தன. பலர் அந்தக் கொத்தைத் திராட்சைக் குலை என்று எண்ணினார்கள். உண்மையில் அது நறுமணம் தரும் நார்து மலர். ஸ்பானிய மரபில் புனித யோசேப்பின் கையில் வரையப்படுவது. விண்மீன் அன்னை மரியா. இது தெரிந்ததும், ஒரே கேடயத்தில் திருக்குடும்பம் முழுவதும் கூடியிருப்பதைக் கண்டுகொள்கிறோம்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் கேடயத்திலிருந்த கரடி இன்னும் சுவையானது. முதுகில் மூட்டையைச் சுமந்து நிற்கும் அந்தக் கரடி, ஜெர்மனியின் ஃபிரைசிங் நகரத்து முதல் ஆயராகப் போற்றப்படும் புனித கோர்பினியனின் கதையிலிருந்து வருகிறது. அவர் உரோமைக்குப் பயணம் செய்தபோது வழியில் ஒரு கரடி அவருடைய சுமை விலங்கைக் கொன்றுவிட்டதாம். அவர் அந்தக் கரடியையே அதட்டி, சுமையை அதன் முதுகில் ஏற்றி உரோமைவரை நடத்திச் சென்றாராம். 1977இல் மியூனிக்–ஃபிரைசிங் பேராயரானபோது தம் கேடயத்தில் இடம்பெற்ற அந்தக் கரடியை, திருத்தந்தையானபோதும் பெனடிக்ட் கைவிடவில்லை. தாம் விரும்பிக் கேட்காத சுமையை இறைவனுக்காகத் தூக்கி நடப்பவரின் உருவமாக அவர் அதைக் கண்டார். ஓர் உருவம் ஒரு மண்ணின் கதையையும் ஒரு மனிதரின் உள்ளத்தையும் ஒருங்கே தாங்குவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணிலும் அத்தகைய உருவங்களுக்குக் குறைவில்லை. பாண்டியரின் இணைக் கயலை எடுத்துக்கொள்வோம். தொடக்கக் கிறிஸ்தவர்கள் மீனைக் கிறிஸ்துவின் அடையாளமாகக் கொண்டவர்கள். திருத்தூதர்களில் பலர் மீனவர்கள். பாண்டிய நாட்டில் பணிசெய்யும் ஆயர் ஒருவர் தம் கேடயத்தில் மீனை வைத்தால், மண்ணும் நம்பிக்கையும் ஒரே உருவத்தில் சேர்ந்துவிடும். அதேபோல் புனித அருளானந்தர். லிஸ்பனில் 1647இல் பிறந்து, காவி உடுத்தி மறவ நாட்டில் உழைத்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு உயிர்நீத்த அவரை நினைவூட்ட, மறைச்சாட்சியரின் பொது அடையாளமான குருத்தோலையும் ஒரு வாளும் போதும்.

இவற்றைக் கொண்டு, பழகிப் பார்ப்பதற்காக மட்டும், கற்பனையாக ஓர் இலச்சினையை அமைத்துப் பார்ப்போம். கேடயத்தை இரு பகுதிகளாகப் பிரித்து, மேற்பகுதியைச் சிவப்பாக்கி, அதில் பொன் குருத்தோலையையும் வெள்ளி வாளையும் குறுக்காக வைக்கலாம். கீழ்ப்பகுதியை வெள்ளியாக்கி, அதில் இரண்டு நீல மீன்களை வைக்கலாம். சிவப்பின்மேல் பொன்னும் வெள்ளியும், வெள்ளியின்மேல் நீலமும் வருவதால் விதி காக்கப்படுகிறது. இந்தக் கலையில் உறுதியானது இப்படிச் சொற்களால் தரப்படும் விவரிப்பே தவிர, ஒரு குறிப்பிட்ட ஓவியம் அன்று. விவரிப்பு மாறாதவரை, காரைக்குடித் தேக்கு நிலைகளில் செதுக்கும் ஆசாரி அந்த மீன்களைத் தம் கைப்பாங்கில் செதுக்கலாம், ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர் வேறு வளைவுகளோடு வார்க்கலாம். இரண்டும் ஒரே இலச்சினைதான். ஆகவே இணையத்தில் கிடைக்கும் அயல்நாட்டு வார்ப்புப் படங்களை வெட்டி ஒட்டுவதைவிட, நம் ஊர்க் கைவினைஞரிடம் விவரிப்பைக் கொடுத்து வரையச் சொல்வது எவ்வளவோ மேல்.

கேடயத்துக்குள் வைக்கத்தகாதவையும் உண்டு. ஒளிப்படம், கோயில் கட்டடத்தின் முழுத் தோற்றம், மறைமாவட்ட வரைபடம் ஆகியவை சிறிய முத்திரையில் கறையாக மட்டுமே தெரியும். எழுத்துகளையும் மரபு விரும்புவதில்லை. ஆனாலும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் நீலக் கேடயத்தில் பொற்சிலுவையின் அடியில் அன்னை மரியாவின் பெயருக்குரிய முதலெழுத்தை வைத்திருந்தார். சிலுவையடியில் நின்ற தாயை ஒரே எழுத்தில் அது சொன்னதால் அவருக்கு அது பொருந்தியது. பொதுவாக இரண்டு, மூன்று உருவங்களைத் தாண்டினால் கேடயம் பேசுவதை நிறுத்திவிடும். பிறந்த ஊர், படித்த குருமடம், திருநிலைப்பாட்டு நாள், பிடித்த புனிதர்கள் என்று எல்லாவற்றையும் உள்ளே அடைக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனாலும் அந்த ஆசைக்கு இடம்கொடுக்காத இலச்சினைகளே நினைவில் நிற்கின்றன.

கேடயத்தின் அடியிலுள்ள நாடாவில் இருப்பது விருதுவாக்கு. திருவிவிலியத்திலிருந்தோ திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளிலிருந்தோ எடுக்கப்படும் சிறு தொடர் அது. இலத்தீனில் எழுதுவது பழைய வழக்கம், மக்கள் மொழியில் எழுதுவதும் உண்டு. 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, 'அந்த ஒருவரில் நாம் ஒன்று' என்னும் பொருள்படும் விருதுவாக்கைப் புனித அகுஸ்தினாரின் திருப்பாடல் விளக்கத்திலிருந்து எடுத்தார். அகுஸ்தினார் சபையைச் சேர்ந்தவர் என்பதால், அம்பு துளைத்த இதயத்தை ஒரு நூலின்மேல் தாங்கிய அச்சபையின் அடையாளத்தையும் அவர் தம் கேடயத்தில் வைத்தார். உருவமும் சொல்லும் ஒரே ஊற்றிலிருந்து வருவது அழகு.

அமெரிக்காவில் கேடயத்தை நெட்டாகப் பிளந்து, ஒரு பாதியில் மறைமாவட்டத்தின் சின்னத்தையும் மறுபாதியில் ஆயரின் சின்னத்தையும் வைப்பது வழக்கம். ஆயர் வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றப்பட்டால் முதல் பாதி மாறும், தம்முடைய பாதி அவரோடு போகும். ஆயரின் சின்னம் மட்டும் தனியாக நிற்குமிடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவர் பேராயராக உயர்ந்தால் தொப்பியில் குஞ்சங்கள் கூடும், சிலுவையில் இன்னொரு சட்டம் சேரும். கேடயத்துக்குள் எதையும் தொட வேண்டியதில்லை.

கடைசியாக, நிறமே இல்லாத இடங்களில் நிறத்தை எப்படி அறிவது என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பர் முத்திரையிலும், கறுப்பு வெள்ளையில் அச்சான கடிதத் தலைப்பிலும், கல்வெட்டிலும் கேடயத்தின் பரப்பு வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரிவது உண்டு. சில்வெஸ்தர் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி 1638இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது. செங்குத்துக் கோடுகள் சிவப்பு; கிடைக்கோடுகள் நீலம்; இரண்டும் குறுக்கிட்டால் கறுப்பு; புள்ளிகள் பொன்; ஒன்றுமில்லாத வெறும் பரப்பு வெள்ளி; பார்ப்பவரின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சாயும் கோடுகள் பச்சை; அதற்கு எதிர்ப்புறம் சாய்பவை ஊதா. நாம் அமைத்த கற்பனை இலச்சினையை முத்திரையாக வெட்டினால், மேற்பகுதி முழுவதும் செங்குத்துக் கோடுகள் ஓடும், குருத்தோலையில் புள்ளிகள் இருக்கும், வாள் வெறுமையாக விடப்படும், மீன்களின் உடலில் கிடைக்கோடுகள் வரும். தொப்பியில் சாய்கோடுகள் இருந்தால் அது ஆயருடையதோ பேராயருடையதோ ஆகலாம், செங்குத்துக் கோடுகள் இருந்தால் கர்தினாலுடையது. மீதியைக் குஞ்சங்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.